நகர்ந்தா பூட்டிக்குது

முன்னாடியே உக்காருங்க ஸார். பெட்டியெல்லாம் பின் சீட்டுல கெடக்கட்டும். பெல்ட்டை இழுத்து அழுத்திக் குத்துங்க, அது கொஞ்சம் மக்கர் பண்ணும். ஆங், விழுந்துருச்சு. காரைக்குடிதானே? ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோய் இறக்கிடறேன். என் பேரு சவரிமுத்து. திருச்சி ஏர்போர்ட்ல சவரின்னு கேட்டாலே கை காட்டுவாங்க.

ஸாருக்கு வெளிநாட்ல என்ன வேலை? கம்ப்யூட்டரா? அட, மாதா புண்ணியத்துல சரியான ஆளைத்தான் ஏத்தியிருக்கேன். ஸார், ஒரே ஒரு விஷயம் பாக்கணும். இந்தா, இந்த போனைப் பாருங்க. எடுக்க வேணாம், ஸ்டாண்டுலயே இருக்கட்டும். இப்ப வண்டி நிக்குதா? காமெடி ஓடுதா? சத்தம் கேக்குதுல்ல? இப்ப கெளம்பறேன் பாருங்க. முன்னாடி இருக்கற டாக்ஸி நகரட்டும். போய்யா, போ! கேட்டுக்குள்ளயே குடித்தனம் பண்றான். ஆங், நகர்ந்துட்டோம். பாருங்க, பாத்துக்கிட்டே இருங்க. ரவுண்டானாகூட தாண்டல... பாத்தீங்களா! பூட்டிக்கிச்சு. ஒரு பூட்டுப் படம், கீழ ரெண்டு வரி இங்கிலீஷு. இதான் ஸார் என் பொழப்பு. ரெண்டு மாசமா இதே கூத்து. நின்னா ஓடும், நகர்ந்தா பூட்டிக்கும்.

இல்ல, இருங்க, சொல்லாதீங்க. முழுசா கேட்டுட்டுச் சொல்லுங்க. போன் வரும், போகும், அதுல ஒரு கொறையும் இல்ல. மேப்பும் காட்டும். படம் மட்டும்தான் ஓடாது. காமெடி, பாட்டு, கிரிக்கெட்டு, நியூஸுல சண்டை போடுவானுங்களே, எதுவும் ஓடாது. மனுசன் நாள் முழுக்க ரோட்டையே எத்தனை நேரம் ஸார் பாத்துக்கிட்டிருக்கறது? நாங்கல்லாம் ரோட்டைக் காதாலயே பாப்போம். கண்ணு கொஞ்சம் அங்க, கொஞ்சம் இங்க. இருபது வருச சர்வீஸு.

இந்த போன் வாங்கின கதையைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். ஆடித் தள்ளுபடியில வாங்குனேன். ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பொண்ணுக்கு. ஷைனின்னு பேரு, பிளஸ் ஒன் சேர்ந்திருக்கா. பாடமெல்லாம் போன்லதான் அனுப்புறாங்களாம், போன் இல்லாட்டி ஆகாதாம். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, கடைக்காரன் சும்மா குடுத்த கவர்கூட ஒண்ணேதான். என் வீட்டுக்காரி ஸ்டெல்லா அப்பவே சொன்னா, "ஏங்க, ஒண்ணு நீலமா வாங்கக்கூடாதா, மாறிப்போகும்"னு. மாறிப்போகறதுக்கு இது என்ன கோயில்ல கழட்டிப் போட்ட செருப்பான்னு கேட்டேன்.

ஆனா ஸார், வயசுப் பொண்ணு கையில போனைக் குடுத்துட்டு நிம்மதியா வண்டி ஓட்ட முடியுமா? பார்க்கிங்ல உக்காந்தா பூரா இந்தப் பேச்சுதான். ஒருத்தன் பையன் எந்நேரமும் கேம் ஆடி பரிச்சையைக் கோட்டை விட்டுட்டான். ஒருத்தன் பொண்ணு முகம் தெரியாத எவன்கூடயோ மெசேஜ் போட்டுக்கிட்டிருந்திருக்கு. அப்பத்தான் ஒருத்தன் சொன்னான், "அண்ணே, இதுக்கின்னே ஒரு ஆப் இருக்கு. பெத்தவங்க போன்ல ஒண்ணு, பிள்ளை போன்ல ஒண்ணு போட்டு ரெண்டையும் சேத்துவிட்டா, எவ்வளவு நேரம் பாக்குது, என்னத்தைப் பாக்குது, எங்க இருக்குது, எல்லாம் உன் கைக்கு வந்துரும். நீ வேணாம்னா பூட்டலாம், வேணும்னா தொறக்கலாம்"னான். அட இதானேய்யா வேணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் ரெண்டு போனையும் சாப்பாட்டு மேசையில போட்டுக்கிட்டு உக்காந்தேன். எப்படிப் பண்றதுன்னு ஒருத்தன் வீடியோவுல சொல்றான், ஸ்டெல்லா போன்ல அதைப் போட்டுவிட்டுக்கிட்டு அவன் சொல்லச் சொல்ல நான் அமுக்குறேன். இது பெத்தவங்க போனா, பிள்ளை போனான்னு கேக்குது. அமுக்குனேன். ஒண்ணுல நம்பர் வருது, அதை இன்னொண்ணுல அடிக்கச் சொல்லுது. அடிச்சேன். ஷைனி பக்கத்துல நின்னுக்கிட்டு, "அப்பா, அது வந்துப்பா, நீ கையில வச்சிருக்கறது..."ன்னு என்னமோ இழுத்தா. "நீ அந்தாண்ட போ, உன்னைப் பூட்டறதுக்கு நீயே வழி சொல்றியா"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். மறுபடியும் "அப்பா, ஒரு நிமிசம்"ங்கறா. வாயை மூடுன்னுட்டேன். ஒம்பது மணிக்குப் பூட்டணும்னு போட்டு ஓகே குடுத்தேன். எல்லாம் நானே பண்ணேன் ஸார், எவன்கிட்டயும் போய் நிக்கல.

அன்னிக்கு ராத்திரி என்னாச்சுன்னா, ஒம்பது மணிக்கு அவ சமர்த்தா போனைக் கொண்டாந்து ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டுப் படுக்கப் போயிட்டா. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. என்ன, என் போனும் அதே நேரத்துக்கு அணைஞ்ச மாதிரி ஆயிருச்சு. புது போனு, செட் ஆக ஒரு நாள் ஆகும்னு விட்டுட்டேன். மறுநாள்லேருந்து சரியாப் போச்சு.

என்ன ஸார் சிரிக்கிறீங்க? தூசியா? கண்ணாடியை ஏத்திக்குங்க, ஏ.சி. போடறேன்.

அப்புறம் வந்துச்சு பாருங்க ஏழரை. அந்த ஆப்பைத் தொறந்தா, இன்னிக்கு இத்தனை மணி நேரம் பாத்திருக்குன்னு காட்டும். மொத வாரம் பாக்குறேன், தலை சுத்திருச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம்! அதுவும் பள்ளிக்கூட நேரத்துல! என்னத்தைப் பாத்திருக்கான்னு பாத்தா, காமெடி, சண்டை சேவல், கிரிக்கெட்டு, பழைய பாட்டு. பதினாறு வயசுப் பொண்ணு சண்டை சேவல் பாக்குறா ஸார்! நானும் பாப்பேன், இல்லேங்கல. ஆனா நான் ஆம்பளை, எங்க ஊர்ப் பக்கம் சேவல் வளத்தவன். இவளுக்கு எங்கேருந்து வந்துச்சு இந்தப் புத்தி? ரத்தம்னுதான் நெனச்சேன்.

கூப்புட்டுக் கேட்டேன். "அது நான் இல்லப்பா"ங்கறா. "பின்ன யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?" "இல்லப்பா, அது உன்..."ன்னு ஆரம்பிச்சா. எதிர்த்துப் பேசாதேன்னு அடக்கிட்டேன். மெஷினு பொய் சொல்லுமா ஸார்? மனுசன் சொல்லுவான், மெஷினுக்கு என்ன வந்துச்சு? அவ கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா எளக்கம் குடுத்தா பிள்ளை கெட்டுப்போயிரும்ல?

மறுவாரம் நேரா பள்ளிக்கூடத்துக்கே போயிட்டேன். கிளாஸ் டீச்சரைப் பாத்து, "என்னா மிஸ், பிள்ளைங்க வகுப்புல உக்காந்து நாள் பூரா சண்டை சேவல் பாக்குது, நீங்க என்ன பண்றீங்க"ன்னு கேட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஸார், இங்க போனே கொண்டு வரக்கூடாது. ஷைனி ஒரு நாளும் கொண்டு வந்ததில்ல"ன்னாங்க. நான் விடுவேனா? என் போனை நீட்டி, இந்தா மெஷின் சொல்லுதே பாருங்கன்னேன். அதுக்குள்ள ஷைனியை வேற வரச் சொல்லிட்டாங்க. அவ பைக்குள்ள கையை விட்டுத் தேடிப் பாத்தாங்க, ஒண்ணுமில்ல. வாசல்ல நின்னு நாலு பிள்ளைங்க வேடிக்கை பாக்குது. எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான்னுதான் எனக்குத் தோணுச்சு. அவ செவத்தையே பாத்துக்கிட்டு நின்னா. ஸ்டெல்லா அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு போடாமப் படுத்துட்டா. நானே போட்டுத் தின்னுட்டுப் படுத்தேன்.

இந்தா வந்துட்டான் பாருங்க, லாரிக்காரன். நடு ரோட்டுல ஊர்வலம் போறான். ஹார்ன் அடிச்சா காது கேக்காது இவனுங்களுக்கு. ச்சை, இந்த நேரத்துல ஒரு பாட்டு ஓடுனா எவ்வளவு நல்லாருக்கும்! பூட்டு, பூட்டு, பூட்டு. இதை அமுக்கி அமுக்கி என் கட்டைவிரல் தேஞ்சு போச்சு ஸார்.

என்ன சொல்ல வந்தீங்க? இருங்க, முக்கியமானதை இன்னும் சொல்லல.

என் மச்சினி வீடு தஞ்சாவூர்ல. அவ பிள்ளைக்குப் புதுநன்மை, சர்ச்சுல மொத தடவை நன்மை அப்பம் வாங்கற விசேஷம். ஸ்டெல்லா மொத நாளே பஸ்ஸுல போயிட்டா, நானும் ஷைனியும் காலையில இந்த வண்டியில கெளம்பினோம். நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே சீட்டுலதான் அவ இருந்தா. பள்ளிக்கூடச் சண்டைக்கப்புறம் என்கிட்ட மொகம் குடுத்தே பேசல, சரி, வழியில சமாதானம் பண்ணிக்கலாம்னு நெனச்சேன். துவாக்குடி தாண்டிக் கொஞ்சந்தூரம் போயிருப்போம். எதிர்த்தாப்புல ஒரு டேங்கர். எங்கேருந்து வந்தான்னே தெரியல ஸார், வந்துட்டான் மூஞ்சிக்கு நேரா. நான் ஒடிச்சேன் பாருங்க ஒரு ஒடி! வண்டி கீழ எறங்கி, முள்ளுல உரசி, ஒரு கல்லு மேல ஏறி நின்னுச்சு. ஒரு கீறல் இல்ல யாருக்கும். வண்டிக்குத்தான் இந்தப் பக்கம் கதவு நெளிஞ்சிருச்சு, பாத்தீங்கள்ல, ஏறும்போது? அந்த டேங்கர்காரன் நிறுத்தி எறங்கி வந்து என்னைக் கண்டபடி திட்டறான். அவன் லைன்ல நான் போயிட்டேனாம்! வாயில வந்ததையெல்லாம் பேசுறான். நானும் விடல.

இவ மட்டும் எறங்கவே இல்ல. டேஷ்போர்டை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. கையை எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேங்குறா. நாந்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு ஸார் கை. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மனசுல தெம்பே இல்ல, எல்லாம் இந்தப் போனைப் பாத்துப் பாத்து வந்த கேடு.

ஆனா அதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. மறுநாள் ஆப்பைத் தொறக்கறேன், பகல்ல அவ பாத்த நேரம் அரை மணிகூட இல்ல! ராத்திரி கொஞ்சம். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். ஆடிப் போயிட்டேன். ஒண்ணு பள்ளிக்கூடத்துல மானம் போன ரோசம், இல்லாட்டி டேங்கரைப் பாத்த பயம். எப்படியோ பிள்ளை திருந்திருச்சு. பார்க்கிங்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். பாருங்கடா, பிள்ளை வளக்கறதுன்னா இப்படி வளக்கணும்னேன். கூடுதலா நேரம் வேணும்னா அதுலயே பெத்தவங்களைக் கேட்டு அனுப்பலாமாம். என் பொண்ணு ஒரு தடவை கேட்டு அனுப்புனதில்ல ஸார்.

என் போனுக்குத்தான் அன்னையிலேருந்து இந்தச் சீக்கு வந்துருச்சு. வண்டி ஒரு குலுங்கு குலுங்குச்சுல்ல, அதுல உள்ள எதுவோ விட்டுப்போச்சுன்னு நெனைக்கறேன். மூணு கடையில காட்டிட்டேன். கடையில மேசை மேல வச்சா குழந்தை மாதிரி ஓடுது. "நல்லாத்தானேண்ணே இருக்கு"ங்கறான். அவனை வண்டியில ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்திக் காட்டலாம்னா, கடையை விட்டு வர மாட்டேங்கறான். ஸ்டாண்டை மாத்திப் பாத்தேன். அடியில ஸ்பாஞ்சு வச்சு ஒட்டிப் பாத்தேன். ஏ.சி. காத்து நேரா அடிக்குதோன்னு இந்தப் பக்கம் அட்டை வச்சு மறைச்சேன். ஷைனி அதைப் பாத்துட்டு, "எதுக்குப்பா அட்டை"ன்னா. போனுக்கு ஜலதோசம்னேன். அவ சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல, உள்ள போயிட்டா.

அதான் ஸார் எனக்கு ஆறல. வண்டியில ஏற மாட்டேங்குறா. மழை கொட்டுது, வா பள்ளிக்கூடத்துல விடறேன்னா, "வேணாம்ப்பா, டவுன் பஸ்ஸுல போயிக்கறேன்". திருவிழாவுக்குப் போறப்ப ஸ்டெல்லாவும் அவளும் பஸ்ஸுல வர்றாங்க, நான் ஒத்தையா வண்டியில பின்னாடியே போறேன். பாக்குறவன் என்ன நெனைப்பான்? ஊரான் பிள்ளையெல்லாம் கொண்டாந்து பத்திரமா விடறேன், என் பிள்ளை என் வண்டியில ஏறல. இந்த சீட்டுல அவ உக்காந்து ரெண்டு மாசம் ஆச்சு. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல. சாப்ட்டியாப்பா, எத்தனை மணிக்கு வருவேங்கறதெல்லாம் தவறாம கேக்கறா, ஆனா ஏற மட்டும் மாட்டேங்கறா.

சரி, கீரனூர் வந்துருச்சு. இப்ப எடுத்துப் பாருங்க போனை. ஸ்டாண்டுலேருந்து உருவிக்குங்க. அந்தப் பூட்டுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க. நான் பத்தாவது பாஸு, ஓட்டிக்கிட்டே அந்தச் சின்ன எழுத்தெல்லாம் படிக்க முடியல.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க. வண்டி ஓடறப்ப படம் ஓடக்கூடாதுன்னு பூட்டினது உங்க பெற்றோரா? எந்தப் பெற்றோரு? எங்கப்பா செத்து ஏழு வருசம் ஆச்சு ஸார்!

ஆப்பா? எந்த ஆப்பு? அது ஷைனி போனைப் பாக்கறதுக்குல்ல போட்டது. நானே என் கையால போட்டேன்ல... பிள்ளை போனா? இதுவா? இது என் போனு ஸார், உள்ள பாருங்க, என் ஃபோட்டோ இருக்கும், வண்டிக்கு முன்னால நிக்கற மாதிரி... அது தெரியுது, இது என் போனுதான், இதைத்தான் பிள்ளை போன்னு போட்டிருக்கேனா? அப்ப பெத்தவங்க போனு...

இல்ல, இருங்க. இருங்க ஸார். அப்ப அந்த அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம்? சேவல்?

அடச்சீ.

பள்ளிக்கூடத்துல போய் நின்னேனே ஸார்! அந்த டீச்சர் முன்னால என் போனை நானே நீட்டுனேனே! அவ பைக்குள்ள கையை விட்டுத் தேடினப்ப நான் பாத்துக்கிட்டு நின்னேனே. இவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருக்கும். மொத நாளே தெரிஞ்சிருக்கும். "அப்பா, நீ கையில வச்சிருக்கறது"ன்னாளே. சொல்லியிருக்கலாம்ல? இப்படி அப்பனை ஊருக்கு முன்னால கோமாளியா ஆக்கிட்டு கம்முன்னு இருக்கறதா? எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. ரெண்டு மாசமா என்னை இவ பூட்டி வச்சிருக்கா ஸார், என் கழுத்துல கயித்தைப் போட்டு! நான் இவளைப் பெத்தேனா, இவ என்னைப் பெத்தாளா?

இன்னொண்ணு சொல்லுங்க ஸார். அப்ப அவ போனுக்குப் பூட்டே இல்லையா? எதுவுமே இல்லையா? ராத்திரி பூரா பாக்கணும்னா பாக்கலாமா?

அப்ப தினம் ஒம்பது மணிக்குக் கொண்டாந்து ஃபிரிட்ஜ் மேல வச்சது, அவளா வச்சதா?

ம்.

அது கெடக்கட்டும். நீங்க இதை எடுத்துவிடுங்க. மொதல்ல எடுங்க. கம்ப்யூட்டர் படிச்சவருதானே, எடுக்க முடியாதா? பெத்தவங்க அனுமதி வேணுமா? என் பொண்ணுகிட்ட நான் பர்மிசன் கேக்கணுமா! நல்லாருக்கு நியாயம். வேற வழியே இல்லையா? சரி, அமுக்கித் தொலைங்க. அனுப்புங்க. இன்னிக்கு சனிக்கிழமை, வீட்லதான் இருப்பா, பாக்கட்டும். தெரிஞ்சுபோச்சு உன் வண்டவாளம்னு தெரியட்டும். போயிருச்சா? போயிருச்சுல்ல?

என்ன வந்துச்சு? இன்னும் ஒண்ணும் வரலையா? பாத்துட்டாளான்னு காட்டுமா அதுல? இந்தப் பக்கம் திருப்புங்க, வெயில் அடிக்குது, தெரியல. இன்னும் கொஞ்சம் இப்படி. எழுத்து மாறின மாதிரி இருக்கே, பெரிசு பண்ணுங்க, இந்த எடத்துல பச்சையா ஒண்ணு...

ஐயோ!

ஐயோ மாதாவே. இடிச்சிட்டேனா? போயிட்டானா? பின்னாடி பாருங்க ஸார், அந்த பைக்காரன் விழுந்துட்டானா? நிக்கறானா? நல்லா நிக்கறானா? பின்னால ஒரு குழந்தை உக்காந்திருந்துச்சே, அதுவும் இருக்குதா? இருக்குதா ஸார்? ஸ்தோத்திரம். குறுக்க விழுந்துட்டான். இல்ல, ஓரமாத்தான் வந்தானா? சரி, விடுங்க. கத்தாதீங்க ஸார், பாத்துத்தான் ஓட்டறேன். நீங்கதானே போனைத் திருப்புனீங்க.

அடிக்குது. அவதான். நீங்களே எடுங்க, நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்ல. உங்கப்பா கூட வர்ற பாசஞ்சர்னு சொல்லுங்க. என்ன சொல்றா? வண்டி ஓடுதான்னு கேக்கறாளா? ஓரங்கட்டணுமாமா? ஓரங்கட்டினாத்தான் பேசுவாளாமா? பாத்தீங்களா அதிகாரத்தை! சரி, சரி, நிறுத்தறேன். அந்தப் புளியமரத்துக்கிட்ட நிறுத்தறேன். ஆங், நின்னாச்சு. குடுங்க இப்படி. இன்னிக்கு இருக்கு அவளுக்கு.

ஏய் ஷைனி! என்னடி நெனச்சிக்கிட்டிருக்க மனசுல? அப்பன் போனைப் பூட்டற அளவுக்கு வந்துட்டியா நீ? வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன? சொன்னியா? எப்ப சொன்ன? ... சரி, நான்தான் கேக்கல. அதுக்கு? ரெண்டு மாசமா இப்படித்தான்... நிறுத்திட்டேன்டி, நின்னுக்கிட்டுத்தான் பேசறேன், சாவியையும் எடுத்துட்டேன், போதுமா? சொல்லு. என்ன டேங்கரு? அது அவன் மேல தப்பு, ஆயிரம் தடவை சொல்லிட்டேன். நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன...

என்ன?

யாரு சிரிச்சா?

நானா?

...

இல்ல, கேக்குது. சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

...

ஸார். அன்னிக்கு நான் சிரிச்சேனாம். டேங்கரு வருது, இவ அப்பா அப்பான்னு கத்துனாளாம். நான் இந்த போனைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே இருந்தேனாம். காமெடி ஓடிக்கிட்டிருந்துச்சாம். மூணு தடவை கத்தினதுக்கப்புறம்தான் நிமிர்ந்தேனாம். இவ கத்தினது எனக்கு ஞாபகமே இல்ல ஸார். சத்தியமா எனக்குக் கேக்கவே இல்ல. என் காதுல விழவே இல்ல.

இப்பவும் கண்ணை மூடினா அவளுக்கு நான் சிரிக்கறதுதான் தெரியுதாம். நான் வீட்ல சும்மா சிரிச்சாக்கூடத் தூக்கிவாரிப் போடுதாம். நான் வெளிய போயிட்டா, படிக்கறப்பவும் பக்கத்துல அந்த ஆப்புல வர்ற மேப்பை வச்சுக்கிட்டு என் புள்ளி நகர்றதைப் பாத்துக்கிட்டே இருக்காளாம். எங்கயாவது நின்னுட்டா, டீ குடிக்க நின்னேனா, இல்ல... அதுக்கு மேல சொல்ல மாட்டேங்கறா. அழறா ஸார்.

ஷைனி. ஏய். அழாதடா. அப்பா நல்லாத்தான் இருக்கேன். புளியமரத்துக்கிட்ட நிக்கறேன், கூட ஒரு ஸார் இருக்காரு, நல்லவரு. அழாத.

...

எடுத்துடறேங்கறா ஸார். நான் கேட்டதுனால எடுத்துடறேங்கறா. "நீ அப்பா, உன்னைப் பூட்டறது தப்புதான், எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு, எடுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா இப்பவே எடுத்துடறேன்"ங்கறா. நான் சொல்றதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா.

இந்தாங்க, நீங்க வாங்கிக்குங்க. லைன்லதான் இருக்கா. எடுக்க வேணாம்னு சொல்லிடுங்க ஸார். அப்பாதான் சொல்லச் சொன்னாருன்னு சொல்லுங்க. எனக்கு வாயில வர மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க ஸார், எடுத்துடப் போறா, சீக்கிரம் சொல்லுங்க.